நூறு மணி நேரமும் பத்தாயிரம் பீடியும்

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் மஞ்சள் நிறமாகத்தான் தெரியும். சுந்தரபாண்டியபுரம் என்றால் சூரியகாந்தி. 1992இல் வந்த ‘ரோஜா’ படத்தில் கதாநாயகியின் ஊர் என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். 2005இல் வந்த ‘அந்நியன்’ படத்துக்காக இங்கேயுள்ள பாறையில் நடிகர்களின் முகங்களை வரைந்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் ‘அந்நியன் பாறைக்கு எப்படிப் போகணும்’ என்று வழி கேட்கிறார்கள். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில், காலையில் அருவியில் குளித்துவிட்டு மத்தியானம் இங்கே வருகிறவர்கள் அதிகம். கேரளப் பதிவெண் கொண்ட கார்கள் சாலையோரம் வரிசையாக நிற்கும். பூவுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சில படங்களில் பின்னால், பக்கத்து வயலில், களையெடுக்கும் பெண்ணின் குனிந்த முதுகும் விழுந்திருக்கும்.

அவர்கள் போன பிறகு தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், குழந்தையின் டயப்பர் எல்லாம் வரப்பில் கிடக்கும். அந்த முதுகுக்காரிதான் அதைப் பொறுக்குவாள். கூலிக் கணக்கில் அது வராது; அவளுக்கு அதற்கென்று பெயரும் கிடையாது. அதே குப்பையைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒருவர் பொறுக்கினால் அவர் ‘தன்னார்வலர்’. இந்தச் சொல் யாருக்கு ஒட்டுகிறது, யாரிடமிருந்து வழுக்கி விழுந்துவிடுகிறது என்பதைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். எங்கள் முடுக்கிலேயே பார்த்துவிட்டேன் என்பதால் தூரம் போகவேண்டி இருக்கவில்லை.

முடுக்கு என்றால் தெருவிலிருந்து பிரிந்து போகும் சந்து. எங்களுடையதில் பத்தொன்பது வீடு. விடிவதற்குள் பத்தொன்பது வாசலும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாகிவிடும். வாரியல் போகிற எல்லை ஒவ்வொரு வீட்டுக்கும் துல்லியமாகத் தெரியும். நடுமுடுக்கு வரைக்கும் ஒருத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து நடுமுடுக்கு வரைக்கும் இன்னொருத்தி. சண்டை வந்தால் அந்தக் கோட்டின் மீதுதான் வரும். யாருடைய எல்லையிலும் சேராதவை மூன்று: வாறுகால், முடுக்கு முனை, கடைசி வீட்டுக்கு அப்பால் இருக்கும் காலிமனை. பத்தொன்பது வாசலின் சுத்தமும் கடைசியில் போய்ச் சேர்ந்தது அந்தக் காலிமனையில்தான்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள் என்று வந்தது. அப்படி வேலை செய்யும் ஆணுக்கு 97 நிமிடம். இதில் வாசல் பெருக்குவது அடக்கம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாசல் வீடா, தெருவா? பெருக்குகிற வரைக்கும் வீடு. பெருக்கி முடித்துவிட்டு அவள் அங்கேயே பத்து நிமிடம் நின்றால், ‘தெருவுல என்ன நிக்க’ என்பார்கள்.

காலிமனைப் பக்கம் எங்கள் பெண்கள் போனதற்குக் காரணம் சுற்றுச்சூழல் பற்று இல்லை. 2012 கோடையில் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவி உயிர்கள் போயின. அப்போது நாங்கள் நெல்லை மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். மாவட்டம் முழுக்கப் பயம். எங்கள் முடுக்கில் மூன்று வீட்டில் காய்ச்சல். கொசு ஒழிப்புக்கு வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்து தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும், ஆகவே வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள் என்றார்கள். சரியான யோசனைதான். அதைச் சொன்னது ஒவ்வொரு வீட்டிலும் பெண்ணிடம் மட்டும். தினமும் குழாயில் தண்ணீர் வராத ஊரில் குடமும் டிரம்மும் தொட்டியுமாகப் பிடித்து வைப்பவள் அவள்; அதைக் கழுவிக் கொட்டவேண்டியவளும் அவள்; புழு இருந்தால் ‘யாரும்மா இந்த வீட்டுக்காரி’ என்று கூப்பிடப்படுகிறவளும் அவள்.

தொட்டியைக் கழுவியும் கொசு குறையவில்லை. என் பெரியம்மாதான் முதலில் சொன்னாள்: “நம்ம வீட்டத்தான் தேச்சித் தேச்சிக் கழுவுதோம். அங்கன டயருல நிக்கித தண்ணிய யாரு கொட்டுதா?” காலிமனையில் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த குடம், கண்ணாடி பாட்டில் எல்லாம் மழைத்தண்ணீரோடு கிடந்தன. மறுநாள் ஆறேழு பேர் போனார்கள். மூன்று நாளாயிற்று. டயரை ஏற்றிப் போக ஒரு மாமா தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தார். ஒரே நடைதான் அடித்தார். அந்த ஒரு நடையைப் பற்றி இன்றைக்கும் கல்யாண வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள். மூன்று நாள் குனிந்தவர்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. ஒரு தடவை சுத்தம் செய்வது எளிது. அதை அப்படியே வைத்திருக்க நேரம் வேண்டும். எங்கள் முடுக்கில் பாதிக்கு மேல் பீடி சுற்றும் வீடு. தென்காசி வட்டாரத்தில் பெண்ணின் மடி காலியாக இருக்காது என்பார்கள், குழந்தை இருக்கும், இல்லாவிட்டால் சுளகு இருக்கும். முந்தின ராத்திரி இலையை நனைத்து, காலையில் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, சாயங்காலத்துக்குள் கடையில் கொடுக்கவேண்டும். நல்ல கை உள்ளவளுக்கு ஆயிரம் பீடி சுற்ற எட்டு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை ஆகும். எண்ணிக்கைக்குத்தான் கூலி.

2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபோது ஓர் உறுதிமொழி வந்தது. ஒவ்வொருவரும் வருஷத்துக்கு நூறு மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டு மணி நேரம், தூய்மைக்காகத் தாமாக முன்வந்து உழைப்பது என்று. அதைத் தொலைக்காட்சியில் கேட்டபடி பீடி சுற்றிக்கொண்டிருந்த பெரியம்மா கை நிறுத்தாமல் கேட்டாள்: “நூறு மணி நேரம்னா எத்தன பீடி?” நான் தென்காசியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். மணிக்கு நூறு என்று வைத்தாலும் பத்தாயிரம் பீடி. பத்து நாள் கூலி. மாதச் சம்பளக்காரர் தன் ஓய்வு நேரத்திலிருந்து நூறு மணியைக் கொடுக்கிறார். எண்ணிக்கைக் கூலிக்காரி தன் அரிசியிலிருந்து கொடுக்கிறாள். உறுதிமொழி ஒன்றுதான், விலை வேறு.

எங்கள் பெண்கள் இதற்குக் கண்டுபிடித்த வழியை எந்த அரசு அறிக்கையிலும் நான் படித்ததில்லை. வாரம் ஒரு நாள் நாலு பேர் காலிமனையையும் முடுக்கு முனையையும் பார்த்துக்கொள்வது. வர முடியாத வீடு, வேலை செய்தவளுக்கு ஒரு கட்டு பீடி கொடுத்துவிடுவது. ஒரு கட்டு என்றால் இருபத்தைந்து. பீடி சுற்றாத வீடு அதற்கு உரிய காசைக் கொடுக்கும். வாத்தியார் வீட்டு அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. “நம்ம தெருவுக்குச் செய்யுதோம், இதுல போய்க் கணக்கா?” என்றாள். பெரியம்மாவின் பதில்: “கணக்கு இல்லாததுனாலதாம்மா நம்ம வேலை எல்லாம் வேலையாவே தெரியல.” பெண்ணியம் பற்றிய புத்தகங்களைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே இந்த வாக்கியம் எனக்குக் கிடைத்துவிட்டது. நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். யார் வந்தார்கள், யார் கட்டு கொடுத்தார்கள், யார் பாக்கி.

‘நகரமும் ஒரு வீடுதான், ஆகவே அதைப் பேணப் பெண்ணுக்குத் தெரியும்’ என்ற வாதம் பழையது. அமெரிக்காவில் நூற்றிருபது, நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன் வாக்குரிமை இல்லாத பெண்கள் இதைச் சொல்லித்தான் நகராட்சி விவகாரங்களில் நுழைந்தார்கள். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1895இல் தன் வார்டுக்குக் குப்பை ஆய்வாளராகவே நியமனம் பெற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னால் போனார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், அது சம்பளம் உள்ள பதவி என்பது. வீடு என்று சொல்லி உள்ளே போனவர் ஊதியத்தோடு நின்றார். நம் ஊரில் வீடு என்று சொன்னால் ஊதியம் இல்லை என்று அர்த்தமாகிவிடுகிறது.

2022 ஜூனில் தமிழக அரசு ‘நகரங்களின் தூய்மைக்கான மக்கள் இயக்கம்’ தொடங்கியது. ‘என் குப்பை, என் பொறுப்பு’ என்பது முழக்கம். இரண்டாம் சனிக்கிழமையும் நான்காம் சனிக்கிழமையும் எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்வது. பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அமைப்பு நடத்திய சனிக்கிழமைக்கு எங்கள் முடுக்கிலிருந்து நாலு பேர் போயிருந்தோம். பேனர், தொப்பி, கையுறை எல்லாம் இருந்தன. படம் எடுக்கும்போது, பழைய சேலையில் ஏற்கனவே பாதித் தெருவைப் பெருக்கி முடித்திருந்த பெரியம்மாவைப் பார்த்து ஒருவர், “அம்மா, வேலைக்கு வந்தவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வாலண்டியர்ஸ் மட்டும்” என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சேலையையும் குனிந்த விதத்தையும் பார்த்தால் கூலிக்காரி என்று தெரிகிறது. வாரியலைப் பிடிக்கத் தெரியாதவர்தான் தன்னார்வலர். பெரியம்மா தள்ளி நின்றுகொண்டாள். பஸ்ஸில் வரும்போது, “வேலைக்கு வந்தவன்னு சொன்னாம்லா, அப்பக் கூலியக் குடுத்திருக்கணும்லா?” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

காலிமனைக்குத் திரும்புகிறேன். அங்கே டயரும் பாட்டிலும் போன பிறகு மிச்சமிருந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பொறுக்கும்போது ஒவ்வொருத்தியும் மற்றவளைப் பார்க்காமல் குச்சியால் தள்ளிவிடுவாள். மாதவிடாய் நாப்கின். கறுப்புப் பையிலும் செய்தித்தாளிலும் சுற்றி, நாய் பிரித்துப் போட்டவை. எங்கள் தலைமுறைக்கு முன்னால் துணி. துவைத்து, யார் கண்ணிலும் படாத மூலையில், வேறு துணிக்கு அடியில் காயப்போட்டது. 2011இல் தமிழக அரசு ‘புதுயுகம்’ திட்டத்தை அறிவித்து, வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கத் தொடங்கியது. துணிக்குப் பயந்து பள்ளிக்கு வராமலிருந்த பெண்களை எனக்குத் தெரியும்; அந்தத் திட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பயன்படுத்தியதை எங்கே போடுவது என்ற கேள்விக்கு வீட்டுக்குள் இடமில்லை. குப்பைக்கூடையில் போட்டால் அப்பா, அண்ணன் கண்ணில் படும். எரித்தால் புகையும் நாற்றமும். ஆகவே இருட்டின பிறகு காலிமனை.

2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருந்தன: நன்றாகச் சுற்றி, மக்காத குப்பையோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளர் கொடுக்கவேண்டும். அந்த மக்காத குப்பையைத் தன் கையால் பிரிக்கிறவள் இன்னொரு பெண் என்பதை விதியில் எழுதமாட்டார்கள். புனேயில் எழுதினார்கள், பெண்களே. 1993இல் அங்கே குப்பை பொறுக்குகிறவர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். உறுப்பினர்களில் பெரும்பான்மை பெண்கள். அதிலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு 2008இலிருந்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகக் குப்பை வாங்குகிறது. நாப்கினைக் காகிதத்தில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள், பிரிக்காமல் ஒதுக்கிவிடுகிறோம் என்று கேட்டார்கள். உறை தராத கம்பெனிகளுக்குப் பயன்படுத்திய நாப்கின்களையே கட்டித் திருப்பி அனுப்பினார்கள். இதை எங்கள் முடுக்கில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் பேச்சு. வெட்கம் என்பது குப்பையை எவ்வளவு தூரம் தூக்கிப் போட வைக்கிறது என்று அன்றைக்கு எல்லோரும் தத்தம் கதையைச் சொன்னார்கள். ஒரு மதினி, கல்யாணமான புதிதில் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸேறி அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டதைச் சொன்னாள். இப்போது பத்தொன்பது வீட்டில் பதினோரு வீடு சிவப்புப் பேனாவில் புள்ளி வைத்துக் கொடுக்கிறது. மிச்ச எட்டு வீட்டில் இன்னும் இருட்டவேண்டும்.

புளியரையைத் தாண்டினால் வேறு உலகம். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் ‘ஹரித கர்ம சேனா’ என்று வீடுவீடாக வந்து பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் மாதாமாதம் கட்டணம் கொடுக்கவேண்டும். ‘குப்பையையும் கொடுத்துக் காசும் கொடுக்கணுமா’ என்று முணுமுணுக்கிறவர்கள் அங்கேயும் உண்டு. அதே கேரளத்திலிருந்துதான் 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் நெல்லையை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டன; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் பத்தொன்பது வாசலும் அந்தக் காலிமனையும் மாநில அளவில் பெரிதானால் இப்படித்தான் இருக்கும்போல.

இனிச் சொல்லப்போவது முடுக்கில் உள்ளவர்களுக்குப் பிடிக்காது. குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருநாள் நாங்கள் பொறுக்கிச் சேர்த்ததை ஏற்றிக்கொண்டே சொன்னார்: “நீங்க ஒரு நா அள்ளுனா சேவைங்காவ. நாங்க தெனமும் அள்ளுதோம், சாதிங்காவ.” தமிழ்நாட்டில் இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள். ‘துப்புரவு’ என்ற சொல் ‘தூய்மை’ ஆனது. தெருவுக்குள் அவர்கள் நடக்கும் ஓரம் மாறவில்லை. வேலை முடிந்ததும் எங்கள் முடுக்கில் டீ போடுவோம். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அந்த அக்காவுக்குப் பேப்பர் கப். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை அப்படித்தான் போயிற்று.

அதை நேரே கேட்டால் சண்டை வரும், சண்டையோடு நோட்டும் போகும். எனக்கு வேறு வழி இருந்தது. 2019 ஜனவரி 1இலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு. “நாமளே குப்பை பொறுக்குதோம், நாமளே பேப்பர் கப்பு வாங்கலாமா?” என்றேன். மறுக்க முடியவில்லை. அடுத்த வாரம் எல்லோருக்கும் டம்ளர். ஒரு அத்தை அன்றைக்குத் தன் டம்ளரை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள், குடித்துவிட்டுத் தானே கழுவி முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த வாரம் வரவில்லை. ஒழுங்காக ஒரு கட்டு மட்டும் கொடுத்துவிடுகிறாள், இன்றுவரை. பணியாளர் அக்காவுக்கு எல்லாம் தெரியும். டம்ளரைக் கீழே வைக்காமல் பெரியம்மாவின் கையில் நேராகக் கொடுப்பார். பெரியம்மா வாங்கிக்கொள்வாள், ஒரு கணம் தயங்கி. அந்தத் தயக்கம் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் குறைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அக்காவிடம் இதைக் கேட்டால் வேறு சொல்லக்கூடும்.

நோட்டு இப்போது மூன்றாவது. வாரம் ஒரு நாள் காலிமனையில் நின்று பேசுவது பழகிவிட்டதால், சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் வயலோரம் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் கிளம்பியது. களையெடுக்கிறவளுக்கு அது என்றைக்கும் இருந்த தேவை. காரில் வருகிற பெண்ணும் இப்போது அதே புதரைத்தான் தேடுகிறாள் என்பதால் மனுவில் இருவரையும் சேர்த்து எழுதியிருக்கிறோம். இருபத்தாறு கையெழுத்து. அதில் நாலு கைநாட்டு.

போன மாதம் வாத்தியார் வீட்டு அக்காவுக்கு முடியவில்லை என்று அவள் மகன் வந்தான். பாலிடெக்னிக் படிக்கிறான். முனையிலிருந்து வாறுகால் வரைக்கும் சொன்னபடி செய்தான். வாரியலை நெட்டுக்குத்தாகப் பிடித்ததைப் பார்த்து ரெண்டு பேர் சிரித்தார்கள். நோட்டைத் திறந்தபோது, “அம்மா பேர்லயே எழுதிக்கோங்கக்கா” என்றான்.

“நீதான டே வேல பாத்த,” என்றாள் பெரியம்மா. “ஒம் பேரச் சொல்லு.”

எழுதிவிட்டு, மூன்று வீட்டிலிருந்து வந்திருந்த கட்டுகளில் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.